சின்ன ஹாலில் ஸ்டீரியோ: எதை முதலில் மாற்றுவது?

வீட்டு ஸ்டீரியோவின் ஒலியை நான்கு உறுப்புகள் தீர்மானிக்கின்றன: பாட்டு புறப்படும் கருவி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், அறை. முதல் மூன்றும் கடையில் கிடைக்கும், நான்காவது கிடைக்காது. அதனால் செட்டை மேம்படுத்துவது என்றாலே முதல் மூன்றில் ஒன்றை மாற்றுவது என்று ஆகிவிட்டது. ஆனால் சிறிய ஹாலில் காதுக்கு வந்து சேரும் ஒலியில் பெரும்பங்கு சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பியது. அந்த அறையைத் தொடாமல் ஆம்ப்ளிஃபயரை மாற்றினால், பழைய குறை புதிய கருவியிலும் அப்படியே கேட்கும். ஆகவே இந்த அத்தியாயத்தின் வரிசை வேறு: முதலில் இடம், அடுத்து அறை, பிறகு ஸ்பீக்கர், அதன் பின்னரே ஆம்ப்ளிஃபயர், வயர், சப்வூஃபர்.

விளக்கத்துக்கு ஒரே ஹால் எடுத்துக்கொள்ளப்படுகிறது. சென்னையின் பழைய ஃப்ளாட்களில் இப்படி ஏராளம்: நீளம் 14 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி, டைல்ஸ் தரை, சிமென்ட் பூசிய சுவர். ஒரு நீளச் சுவரில் டிவி யூனிட். அதே சுவரின் வலது முனையில் படுக்கையறைக் கதவு இருப்பதால் யூனிட் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் இடது கைப்பக்கக் குறுகிய சுவரின் நடுவில் பால்கனிக் கதவு. வலது கைப்பக்கம் சமையலறைக்குத் திறந்த வழி.

1. அறையை அளத்தல்

முதல் கருவி டேப். இணையான இரண்டு சுவர்களுக்கு நடுவே சில குறிப்பிட்ட பேஸ் சுரங்கள் சிக்கிக்கொண்டு பெருகும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் செல்கிறது. இந்த எண்ணை, சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்தத் திசையில் சிக்கும் முதல் அதிர்வெண் கிடைக்கும். 14 அடி என்பது 4.27 மீட்டர், விடை 41 ஹெர்ட்ஸ். 10 அடி என்பது 3.05 மீட்டர்; விடை 57 ஹெர்ட்ஸ்.

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ்; அடுத்த தந்தி 55. அதாவது இந்த ஹாலின் நீளம் முதல் தந்தியையும், அகலம் ஏறக்குறைய இரண்டாம் தந்தியையும் பிடித்துக்கொள்கின்றன. போதாக்குறைக்கு அகலமும் உயரமும் ஒரே அளவு என்பதால் 57 ஹெர்ட்ஸ் இரண்டு திசைகளிலும் சிக்குகிறது. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல் ஒன்றைப் போட்டு, பேஸ் கிட்டார் படியிறங்கி ஏறுவதை மட்டும் கவனித்தால் இது தெரிந்துவிடும். சில சுரங்கள் ‘தொம்’ என்று வீங்கும். பக்கத்துச் சுரம் காணாமல் போகும். இதைக் கேட்டு ஆம்ப்ளிஃபயரில் பேஸ் அதிகம் என்றோ, ஸ்பீக்கர் மட்டம் என்றோ முடிவுகட்டுவது வழக்கம். ஒரே செட், ஒரே பாட்டு. எழுந்து அறையின் நடுவுக்கு வந்து கேட்டால் பேஸ் மாறிவிடும். மாறினால் அது அறையின் வேலை.

2. உட்காரும் இடமும் ஸ்பீக்கர் இடமும்

சிக்கிய பேஸ் அலைக்குச் சுவரோரத்தில் அழுத்தம் மிகுதி. முதல் அலைக்கு அறையின் சரிநடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இராது. ஆகவே தலை சுவரை ஒட்டியும் இருக்கக் கூடாது, சரிநடுவிலும் இருக்கக் கூடாது. பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 விழுக்காடு தள்ளி உட்காருவது தொடங்குவதற்கு நல்ல இடம். அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டு முடிவு செய்யலாம். ஸ்பீக்கர்களைப் பொறுத்தவரை விதி எளிது: இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஏறத்தாழ சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் பக்கத்தில் உள்ள சூழல் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

மாதிரி ஹாலில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, டிவி யூனிட்டின் இருபக்கமும் ஸ்பீக்கர்களை வைப்பது. இடது ஸ்பீக்கர் பால்கனிச் சுவரிலிருந்து 2 அடியில் நிற்கும். வலது ஸ்பீக்கர் இடதிலிருந்து 6½ அடியில். சோபா சுவரை ஒட்டியிருந்தால் காது பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியில் இருக்கும்; 57 ஹெர்ட்ஸ் மண்டையில் அடிக்கும். சோபாவை ஒரு அடி முன்னே இழுத்தால் வீக்கம் ஓரளவு தணியும். முக்கோணமும் சமபக்கத்துக்கு மிக நெருங்கும். இந்த அமைப்பின் பெரிய குறை, சமச்சீர் இல்லாமை. இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சுவர். வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் திறந்த வழி. இடது பக்கம் கனமாகக் கேட்கும், பாடகரின் குரல் இடப்பக்கம் நழுவும். இல்லாத சுவரை வலப்பக்கம் எழுப்ப முடியாது. இருக்கும் சுவரை இடப்பக்கம் ‘இல்லாமல்’ ஆக்கலாம். பால்கனிக் கதவுக்குக் கனமான திரை போட்டு, கேட்கும் நேரத்தில் இழுத்து மூடினால் குரல் நடுவுக்குத் திரும்பும். மிச்சக் குறையை ஆம்ப்ளிஃபயரின் பேலன்ஸ் குமிழ் தீர்க்கும்.

இரண்டாம் வழி, பால்கனிக் கதவின் இருபக்கமும் ஸ்பீக்கர்களை வைத்து, அறையின் நீளவாக்கில் கேட்பது. இரண்டும் தத்தம் பக்கச் சுவரிலிருந்து 2 அடியில், ஒன்றுக்கொன்று 6 அடி தள்ளி, பின்னால் இருக்கும் சுவரிலிருந்து 2 அடி முன்னே நிற்கும். நாற்காலி எதிர்ப்பக்கத்திலிருந்து ஐந்தே கால் அடியில். இடமும் வலமும் ஒன்றுபோல அமைவதால் ஒலிக்கு இதுவே மேல். ஆனால் துணி காயப்போடப் போகிற வழியை மறிக்கும். டிவியும் பக்கவாட்டில் போய்விடும். டிவி ஒலியும் இதே செட்டில் வர வேண்டுமென்றால் முதல் வழி. பாட்டுக்கு மட்டுமென்றால் இரண்டாம் வழி. அதற்குச் சோபாவை நகர்த்த வேண்டாம். கேட்கும்போது மட்டும் எடுத்துப் போடும் ஒரு பிரம்பு நாற்காலி போதும்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். ட்வீட்டர் காதின் மட்டத்தில் இருப்பது நல்லது. சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து ஏறத்தாழ 3 அடியிலும், பாயில் சம்மணமிட்டால் இரண்டேகால் அடிக்குச் சற்று மேலேயும் இருக்கும். வீட்டில் பெரும்பாலும் எங்கே உட்கார்ந்து கேட்கிறார்களோ அதற்கேற்ப ஸ்டாண்டின் உயரத்தைத் தீர்மானிக்கலாம். வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் செய்து, உள்ளே உலர்ந்த மணல் நிரப்பி, மேலும் கீழும் கனமான பலகையோ கடப்பா கல்லோ பொருத்திய ஸ்டாண்டு நன்றாகவே வேலை செய்யும். ஷோகேஸ் தட்டுக்குள்ளோ பரணிலோ ஏற்றிய ஸ்பீக்கர் எவ்வளவு விலையானாலும் வீண். சுற்றியுள்ள மரப்பெட்டியும் சேர்ந்து பாடும்.

இடம் சரியா என்று பார்க்க 1960களின் திரைப்பாடல் ஒன்று போதும். அக்காலப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். சரியாக அமைந்தால் குரல் இரண்டுக்கும் நடுவே, ஸ்பீக்கரே இல்லாத இடத்தில், ஒரு புள்ளியாக நிற்கும். அகலமாகப் பரவினாலோ ஒருபக்கம் சாய்ந்தாலோ, ஸ்பீக்கர்களை இரண்டிரண்டு அங்குலமாக நகர்த்தியும் சற்று உள்நோக்கித் திருப்பியும் பார்க்க வேண்டும். எங்கும் நிற்காமல் குரல் தலையைச் சுற்றினால் ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு வயர்கள் இடம் மாறியிருக்கும். அப்போது பேஸும் மெலிந்துவிடும். சரியான இடம் கிடைத்ததும் தரையில் சிறு டேப் துண்டு ஒட்டிவைத்தால், வீடு பெருக்கித் துடைத்த பிறகும் ஸ்பீக்கர் அதே இடத்துக்குத் திரும்பும்.

3. ஸ்பீக்கருக்கும் அதன் பின்சுவருக்கும் இடைவெளி

ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிப் போன பேஸ், சுவரில் பட்டுத் திரும்பி முன்னோக்கிப் போகும் ஒலியோடு கலக்கும்போது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை அழிக்கும். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 1 அடியில் இருந்தால் 285 ஹெர்ட்ஸ் வாக்கில் குழி விழும். 2 அடியில் 143. 3 அடியில் 95. ஆண் குரலின் கனம் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை இருப்பதால் 2 அடி என்பது சங்கடமான தூரம்.

பெரிய ஹாலில் ஸ்பீக்கரை வெகுவாக முன்னே கொண்டுவந்து குழியைக் கீழே தள்ளிவிடலாம். சிறிய ஹாலில் அதற்கு இடமில்லை; ஆகவே ஸ்பீக்கரைச் சுவரை நெருங்கி வைத்து, குழியை மேலே தள்ளுவதே நடைமுறை. மேலே போன குழியை, ஸ்பீக்கரின் முதுகுப்பக்கச் சுவரில் மாட்டிய 3 அங்குலக் கனமுள்ள கண்ணாடிக் கம்பளி அடைத்த பலகை ஓரளவு நிரப்பிவிடும். சுவரை நெருங்குவதால் பேஸ் கூடும். மூலையில் இன்னும் கூடும். ஸ்பீக்கரின் பின்னால் காற்றுத் துளை இருந்தால் அதில் ஒரு பழைய காலுறையைச் சுருட்டி அடைத்துப் பார்க்கலாம். முழக்கம் குறைந்தால் அப்படியே விட்டுவிடலாம், செலவு ஒன்றுமில்லை.

இரண்டாம் வழியில் ஸ்பீக்கர்கள் 2 அடியில் நிற்கின்றன. அங்கே ஆண் குரல் மெலிந்து கேட்டால், ஸ்பீக்கரை அதன் பின்சுவரை நோக்கி ஒரு அடி தள்ளிப் பார்ப்பதே மருந்து.

4. எதிரொலியைத் தணித்தல்

அறையின் எதிரொலியைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபின். 1895இல் ஃபாக் அருங்காட்சியகத்தின் புதிய விரிவுரைக் கூடத்தில் ஒரு சொல் அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது, பேச்சு புரியவில்லை. சபின் பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கூடத்துக்குள் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று அளந்தார். உறிஞ்சுதலுக்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல். போன ஒலி திரும்பாது.

அவர் வாய்பாட்டில், அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் கிடைக்கும். மாதிரி ஹால் ஏறத்தாழ 40 கன மீட்டர். பாட்டுக்கு அரை நொடி பொருத்தமானது என்று கொண்டால், 13 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமமான உறிஞ்சுதல் வேண்டும். டைல்ஸும் சிமென்ட்டும் மட்டுமுள்ள காலி ஹால் அதில் ஆறில் ஒரு பங்கைக்கூடத் தராது. சாவி வாங்கிய நாளில் வெறும் வீட்டில் கைதட்டிக் கேட்டவர்களுக்கு அந்தக் கணகணப்பு நினைவிருக்கும். சமையலறைக்குத் திறந்த வழி ஓரளவு திறந்த ஜன்னலாகவே வேலை செய்கிறது. சோபா இன்னொரு பங்கு. மிச்சத்துக்குத் திரை, கம்பளம், புத்தக அலமாரி.

எங்கே போடுவது என்பதை முகம் பார்க்கும் கண்ணாடி காட்டிவிடும். ஒருவர் கேட்கும் இடத்தில் உட்கார, இன்னொருவர் காது மட்டத்தில் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் முதல் எதிரொலி வருகிறது. முதல் வழியில் அது முன்சுவரிலிருந்து மூன்றரை அடியில், பால்கனிக் கதவின் ஓரத்தில் விழும். திரை அதை மூடிவிடும். தரையிலும் இப்படியே, ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் கம்பளம் வேண்டும்.

பொருள்களைத் தேர்வதில் கனம் முக்கியம். மெல்லிய ஜமுக்காளம் உச்சத் தொனியை மட்டும் குறைக்கும். அடியில் தடித்த ஃபெல்ட் விரித்தால் பயன் கூடும். திரைத்துணி கனமாகவும், ஜன்னல் அகலத்தைப் போல் இரு மடங்கு எடுத்து மடிப்பு விழும்படியும் இருக்க வேண்டும். முட்டை அட்டையும் தெர்மாகோலும் பலரும் நம்பும் பொருள்கள். இரண்டும் ஒலியை உருப்படியாக உறிஞ்சுவதில்லை. மெல்லிய ஃபோம் ஒட்டினால் உச்சத் தொனி செத்து, பேஸ் அப்படியே நிற்கும். அறை முன்பைவிட மந்தமாகும். பேஸுக்குத் தடிமனான பொருள் வேண்டும். சுருட்டிய பஞ்சு மெத்தை இரண்டை மூலையில் நிறுத்திச் சோதித்து, பலன் தெரிந்தால் அதே அளவில் துணி போர்த்திய நிரந்தரத் தூண் செய்துகொள்ளலாம்.

5. அதிரும் சாமான்கள்

ஸ்டீல் பீரோவின் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, தட்டில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர், சுவரில் ஆணியில் தொங்கும் படம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பிடித்த ஒரு பேஸ் சுரம் இருக்கும்; அது வந்ததும் கூடவே சிலிர்க்கும். ‘ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது’ என்று பழுதுக்குக் கொண்டுபோகப்படும் செட்களில் சிலவற்றின் நோய் இதுதான். 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியைப் போனிலிருந்து செட் வழியே ஒலிக்கவிட்டு, அறையில் நடந்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஒரு ரப்பர் பொட்டோ மடித்த துணியோ போதும்.

6. ஸ்பீக்கர்

இவ்வளவும் செய்த பிறகும் குறை மிஞ்சினால் முதலில் மாற்ற வேண்டியது ஸ்பீக்கர். சிறிய ஹாலுக்கு 5 முதல் 6½ அங்குல வூஃபரும் ஒரு ட்வீட்டரும் கொண்ட பெட்டி பொருந்தும். ஆளுயர ஸ்பீக்கர் அறையின் 41 ஹெர்ட்ஸை எழுப்பிவிட்டுப் போகும். மூடிய பெட்டியில் பேஸ் மெதுவாக இறங்கும். சுவர் தரும் கூடுதல் பேஸ் அந்த இறக்கத்தை ஈடுகட்டும். துளையிட்ட பெட்டியானால் துளை முன்பக்கம் இருப்பது வசதி.

இதற்குப் பேர்போன முன்மாதிரி, பிபிசி 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ. வேனுக்குள் பெரிய பெட்டி வைக்க இடமில்லை. ஆனால் பேச்சின் தரத்தைத் துல்லியமாகக் கணிக்க வேண்டும். 5 அங்குல வூஃபர், மூடிய சிறு பெட்டி. ஆழ்ந்த பேஸைத் துறந்து குரலைக் காப்பாற்றினார்கள். சின்ன ஹாலில் செய்ய வேண்டிய பேரமும் அதுவே.

பழைய ஸ்பீக்கர் வாங்குவோர் வூஃபரின் ஓர வளையத்தைப் பார்க்க வேண்டும். ஃபோம் வளையம் ஆண்டுகள் கடந்ததும், ஈரக்காற்று வீசும் ஊர்களில் இன்னும் சீக்கிரமாகவும், விரல் பட்டால் பொடியாக உதிரும். ரப்பர் வளையம் நீடிக்கும். பெட்டியும் காயிலும் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கூம்பை நான்கு விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்தும்போது உரசும் சத்தம் வந்தால் வாங்கக் கூடாது.

7. ஆம்ப்ளிஃபயர்

எத்தனை வாட் வேண்டும் என்பதைக் கணக்கு சொல்லும். 86 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 86 டெசிபல் தரும். இரண்டரை மீட்டரில் 8 குறையும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து 3 கூட்டும். ஆக 1 வாட்டுக்கே 81 டெசிபல். ஹாலில் உரக்கப் பேச வேண்டிய அளவு. 50 வாட் இதனோடு 17 டெசிபல் சேர்த்து 98ஆக்கும். அதற்கு மேல் கீழ்வீட்டார் வருவார்கள். வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். ஒலி இரு மடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

ஆகவே 30 முதல் 60 வாட் ஆர்எம்எஸ் போதும். பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்ட எண்ணுக்குப் பொருளில்லை. ஸ்பீக்கரின் ஓம் அளவை ஆம்ப்ளிஃபயர் தாங்குமா என்று பின்பலகையில் பார்க்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் அதிக மின்னோட்டம் இழுக்கும். இரவில் ஒலியைக் குறைத்துக் கேட்போருக்கு லவுட்னஸ் பொத்தான் உதவும். மெல்லிய ஒலியில் காது பேஸை இழந்துவிடுவதை அது ஈடுசெய்கிறது.

வெளிநாட்டுப் பழைய கருவிகளில் மின்னழுத்தம் முக்கியம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் கருவி 100 வோல்ட், அமெரிக்கக் கருவி 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். அதன் வாட்டுக்கு மேல் தாங்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் அவசியம். ஆம்ப்ளிஃபயருக்கு மேலே நாலு அங்குலமாவது காற்றோட்டம் விட வேண்டும். கதகதப்பைத் தேடிப் பல்லி உள்ளே நுழையும் துளைகளுக்கு வெளிப்புறம் கொசுவலைத் துண்டு கட்டலாம்.

8. வயரும் இரைச்சலும்

2½ சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், 5 மீட்டர் தூரத்துக்குப் போய்வர 0.07 ஓம் அளவே தடுக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது நூறில் ஒரு பங்குக்கும் கீழே. அதைவிட விலையுயர்ந்த வயர் தேவையில்லை. இணைக்கும்போது மின்சாரம் துண்டித்திருக்க வேண்டும். இழை ஒன்று பிரிந்து மற்ற முனையைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவிப் பொருத்தினால் போதும்.

விடாத ‘ம்ம்’ இரைச்சலுக்குப் பெரும்பாலும் கேபிள் டிவி வயரே காரணம். செட்டாப் பாக்ஸில் அதைக் கழற்றியதும் நின்றால், எர்த் இரண்டு வழியாக வருகிறது என்று பொருள். டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஆப்டிகல் வயர் போட்டால் தீரும். எர்த் கம்பியை வெட்டுவது உயிருக்கு ஆபத்து.

9. சப்வூஃபர்

சிறிய ஹாலில் சப்வூஃபர் கடைசிப் படி. அதை வைக்கும் இடம் கண்டுபிடிக்கத் தலைகீழ் முறை உண்டு: சப்வூஃபரைக் கேட்கும் இருக்கையில் ஏற்றி ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, எங்கே பேஸ் சுரங்கள் சமமாகக் கேட்கின்றனவோ அங்கே இறக்க வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அதற்கு ஒதுக்கினால் ஸ்பீக்கரின் சுமை குறையும். தடித்த ரப்பர் மேடையில் வைத்தால் தளத்தின் வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும் அதிர்வு மட்டுப்படும். காற்றில் பரவும் பேஸைத் தடுக்க ஒலியளவைக் குறைப்பது ஒன்றே வழி.

மைக் வைத்து அளக்க ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற இலவச மென்பொருள் உண்டு. அளவீட்டில் தெரியும் மேட்டை ஈக்வலைசரால் வெட்டலாம். பள்ளத்தை நிரப்ப முயன்றால் ஆம்ப்ளிஃபயரும் வூஃபரும் திணறுமே தவிரப் பள்ளம் நிரம்பாது. அதற்கு இருக்கையைத்தான் நகர்த்த வேண்டும்.

10. வேலை வரிசை

1. அளத்தல், நகர்த்துதல், வயர் முனை சரிபார்த்தல், அதிரும் சாமான்களை அடக்குதல்: செலவில்லை.
2. ஸ்டாண்டு, கம்பளம், திரை: சிறு செலவு.
3. ஸ்பீக்கர்: பட்ஜெட்டின் பெரும்பகுதி.
4. ஆம்ப்ளிஃபயர்: ஒலி கூட்டும்போது கரகரத்தால் அல்லது பழுதானால் மட்டும்.
5. சப்வூஃபர், ஈக்வலைசர்: பேஸ் இன்னும் போதாதென்றால்.

ஒவ்வொரு படிக்குப் பிறகும் ஒரு வாரமாவது, பழகிய அதே நாலைந்து பாட்டுகளைக் கேட்ட பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. பல ஹால்களில் இரண்டாம் படியோடு வேலை முடிந்துவிடும்.